பதினான்காம் கேள்வி

மின்னணு நூலகம்: வரையறுக்க. ஐந்து மதிப்பெண்.
கீழே நாலு கோடு விட்டிருக்கிறார்கள்.
பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில்
எட்டாம் வகுப்புப் பெஞ்சு,
முழங்கால் இடிக்கிறது.

எழுதவேண்டியது தெரியும் எனக்கு:
எண்ணுருவில் சேமித்து, வகைப்படுத்தி,
வலைவழியே எவருக்கும் எந்நேரமும் வழங்கும் தொகுப்பு.
இதற்கு மூன்று கிடைக்கும்.
மீதி இரண்டுக்குக் கொம்பையாவைச் சொல்லியாகவேண்டும்.

கொம்பையாவை நான் பார்த்ததில்லை.
பணகுடிக்குத் தெற்கே காற்றாலையில் ரிப்பேர் வேலை.
காற்று ஓய்ந்த மாசியில் எண்பது மீட்டர் ஏறி
கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துவிட்டு
எங்கள் தொகுப்பைத் திறந்திருக்கிறார்.
தரையில் நின்றால் வட்டம்தான் சுற்றுமாம்.
எவருக்கும் எந்நேரமும் என்று எழுதினேனே,
அந்த இடத்தில் ஓர் ஏணியைச் சேர்த்து
வாசித்துக்கிடுங்க.

அவர் தேடியது ஒரு குளத்துக் கணக்கு.
எந்த மடை எந்த வயலுக்கு, எத்தனை நாழிகை.
ஊரில் கேஸ் நடக்கிறது.
'தலைமடை' என்று அடித்துப் பார்த்தாராம்:
முடிவுகள் ஏதுமில்லை.
எப்படி இருக்கும்?
அது பழைய அச்சு, லை-க்குத் துதிக்கை உண்டு.
யானையைக் கண்டு மிரண்ட மிஷின்
'தஸமடை' என்று வாசித்து வைத்திருக்கிறது
நூற்றுப் பதினோரு இடத்தில்.
ஆகவே பக்கம் பக்கமாகத் தள்ளியிருக்கிறார் மனுசன்,
ஓர் ஏற்றத்துக்குப் பத்து, பன்னிரண்டு,
அன்றன்றைய டேட்டா தீரும் மட்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டில்
என் கட்டைவிரல்.

மடையின் பேர் இருக்கிற இடத்தில்
சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது,
பாதி வளர்ந்த நகம், மீதியில் மருதாணி.
'விரலை எடுக்கவும்'
என்று மட்டும் எழுதியிருந்தார் புகாரில்.

பக்கத்துக்கு நாற்பது பைசா.
எண்ணூறு தள்ளினால் சாயா வடை போக
முந்நூறு கையில் நிற்கும்.
முதுகு விட்டுப்போன புத்தகம்,
விரித்தால் மூடிக்கொள்ளும், அமுக்கினேன்.
அன்றைக்கு அது எழுநூற்றுச் சொச்சமாவது பக்கம்.
எடுக்க மறந்தேனா, எடுக்கப் பொறுமையில்லையா,
சத்தியமாக நினைவில்லை.

புகார் வந்தபோது என் காண்ட்ராக்ட் முடிந்திருந்தது.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பக்கத்தை
உள்ளே அனுப்பினவளிடம்
கடவுச்சொல் தவறு என்றது திரை.
பதிவேட்டில் நான் ஆபரேட்டர் ஏழு, அவ்வளவுதான்.
ஆசீர் சார்தான் போன் போட்டார்,
'ஏட்டி, இது உன் விரல்லா?'
சிரித்தாரா இருமினாரா, தெரியவில்லை.

சனிக்கிழமை போனேன், கூலி இல்லை.
பீரோச் சாவி லீவில் இருக்கிறவர் வீட்டில்,
அவர் வீடு மேலப்பாளையத்தில்,
போய் வாங்கி வந்து திறந்தால்
பூச்சி எனக்கு முந்தியே
இருநூற்றுப் பதினாலு வரை வந்துவிட்டிருந்தது.
இந்த முறை கண்ணாடித் தகடு வைத்தேன்.
என் விரலுக்கு அடியில் இருந்ததை முதல்முறையாக வாசித்தேன்.
பேர் இன்னதென்று இங்கே எழுதமாட்டேன்.
கேஸ் நடக்கிறது, நானும் சாட்சியாகிவிடுவேன்.
ஆறு நாழிகை. அதுமட்டும் சொல்லலாம்.

பழைய கோப்பை அழிப்பதில்லை, விதி.
விரல் இருக்கிற பக்கமும் இருக்கிறது,
இல்லாத பக்கமும் இருக்கிறது.
எந்த அட்டையிலும் என் பேர் கிடையாது;
தேடி வருகிறவர் மருதாணியைப் பார்த்துவிட்டு
அடுத்ததைத் திறந்துகொள்ளட்டும்.

புதுப் பக்கத்துக்குப் பார்வைகள்: ஒன்று.
அது நான்.
மூன்று நாள் மழை, காற்று.
நேற்று ராத்திரி: இரண்டு.

நாலு கோடும் தீர்ந்து
மேசை விளிம்புக்கு வந்துவிட்டேன்.
கூடுதல் தாள் கேட்டேன்.
வரையறைக்கெல்லாம் கூடுதல் தாள் கிடையாதாம்.