கூட்டல்

ஓல்ட்டனில் கடைசி ரயிலைக் கூட்டி முடித்து
கையுறை கழற்றிக் கடிதம் பிரித்தேன்.

கதிரவெளிக் கோசலை, எட்டாம் ஆண்டு.
நான் அனுப்பிய காசுக்குக் கணக்கு:
கொப்பி பத்து,
சப்பாத்து (ஒரு அளவு பெரிசு),
சைக்கிள் ரியூப்.
பிறகு அரிசி என்றெழுதி
வெட்டியிருந்தாள்.

கூட்டுத்தொகை நானூற்று அறுபது ரூபா அதிகம்.
இரண்டு தரம் கூட்டினேன்,
ரயில் கதவில் சாய்ந்தபடி.
வெட்டின அரிசி
தொகைக்குள் அப்படியே கிடந்தது.

வங்கிப் படிவத்தில் 'நோக்கம்' என்றொரு கட்டம்.
பள்ளிச்செலவு என்று ஜேர்மனில் எழுதுவேன்;
நீளச் சொல்,
மாதாமாதம் எங்கேயோ ஓரெழுத்துப் பிழைக்கும்.
கவுண்டர்ப் பெண் திருத்துவாள், சிரிக்காமல்.

இந்த மாதம் ஐம்பது பிராங்க் கூட.
அரிசிக்கு ஜேர்மனில் நாலே எழுத்து.
பிழை விடவில்லை.