களை கட்டியது

அறுவடை முடிந்து ஜனவரியில்
பைகள் வரத் தொடங்கும்.
ரொட்டி சுற்றிய பை, ஐஸ்கிரீம் டப்பா,
ஒருமுறை ஒற்றைக் காலுறை நிறைய.
மேலே மார்க்கரில் வயலின் பெயர்:
"சர்ச் பக்கம்", "லாரி புதைந்த இடம்",
"ஜோரியின் நாற்பது".

மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை வெளியில்
எல்லா மருந்துக்கும் பிறகு தலைநிமிர்ந்து நின்ற
ரைப்புல்லின் விதை.
ஆட்டுக்கு மேய்ச்சலென்று ஒரு காலத்தில்
காசு கொடுத்து வாங்கி விதைத்த அதே புல்.

என் வேலை அதை வளர்ப்பது.
இந்த மாநிலத்தில் அதற்கு வேளை தவறாமல்
நீர் வார்ப்பவள் அநேகமாக நான் ஒருத்திதான்.
தட்டுக்கு முப்பது நாற்று.
இரண்டாம் இலை விரிந்ததும்
கண்ணாடிப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவேன்.
தெளிப்பான் ஒருமுறை மேலே நகர்ந்து போகும்.
லேபிளில் சொன்ன அளவு.
அடுத்த தட்டுக்கு அதில் இரண்டு பங்கு.
அதற்கடுத்து நான்கு.

பிறகு இருபத்தொரு நாள்.
செத்தது தெரியும்: குருத்து வெளுக்கும்,
விரலால் இழுத்தால் மறுப்புச் சொல்லாமல் வரும்.
பிழைத்ததற்கு அடையாளமே கிடையாது.
நேற்று மாதிரியே இருக்கும்.

நெவில் ட்ரெஸைஸின் தட்டுகள்
களைகட்டியிருந்தன.
வேறு எப்படிச் சொல்ல?
நான்கு பங்கு வாங்கிக்கொண்டதும்
அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல.
முப்பதில் இருபத்தாறு.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்றின் சத்தம் மட்டும்.
"மருந்தைத் தப்பாகக் கலந்தால் இப்படி ஆகுமா?"
ஆகும். ஆனால் இங்கே கலந்தது நான், மிஸ்டர் ட்ரெஸைஸ்.
"புல் இதை எப்போது கற்றுக்கொண்டது?"
கற்றுக்கொள்ளவில்லை.
லட்சத்தில் ஒன்று முதலிலேயே அப்படிப் பிறந்திருந்தது.
மற்றதையெல்லாம் நீங்கள்
அதன் வழியிலிருந்து விலக்கிக் கொடுத்தீர்கள்,
வருடா வருடம், ஒழுங்காக.

அடுத்த வாரம் இன்னொரு பை.
ஷெட்டில் ஆறு வருடமாக நிற்கும்
பழைய அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் சுரண்டியதாம்.
உள்ளே ஒரு துண்டுச் சீட்டு:
அந்த வருடம் தெளித்தது என் மகன்.
பச்சை அப்படியே நின்றது.
டிரம்மில் பாதிகூட ஊற்றியிருக்க மாட்டாய் என்றேன்,
விதை வாங்க வந்தவர்கள் எதிரில்.

எலி தின்றது போக, பதர் போக,
பதினொன்றே முளைத்தன.
மூன்று தட்டுக்குக் காணாது.
ஒரே அளவு, லேபிள் அளவு, அடித்தேன்.
அந்த இருபத்தொரு நாளும்
வேலைக்குச் சற்று முன்னதாகவே வந்தேன்,
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

"மாதிரி போதாது. முடிவு செல்லாது"
என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் டிக் அடித்தேன்.
கீழே பென்சிலில்:
பதினொன்றில் ஒன்பது.

இந்த முறை அவர் எண்ணைக் கேட்கவில்லை.
"இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா, லீட்டா?"
காரத்தா. இரும்புத் தாது ஏற்றும் துறைமுகம்.
தெருவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார்.
கதவு எண்ணில் தடுமாறினார்,
ஏழா பதினேழா என்று.
அங்கே போனதில்லை போலிருக்கிறது.
"உறை மேல் என் பெயர் வேண்டாம்.
உங்கள் முத்திரை போதும்.
என் பெயரைப் பார்த்தால் பிரிக்க மாட்டான்."

பதினேழு என்று எழுதி அனுப்பினேன்.
பதில் வந்ததா, உறை திரும்பி வந்ததா,
எனக்கு வந்து சேரும் செய்தி இல்லை அது.

சாயங்காலம் தட்டுகளை
நீராவி அடுப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.
இந்த அறையை விட்டு
எதுவும் உயிரோடு வெளியே போகக் கூடாது.
ட்ரெஸைஸின் ஒன்பதையும் கடைசியில் வைத்தேன்.
கதவைச் சாத்தப் போனவள்
கையிலிருந்த குவளையைச் சாய்த்து
வேரில் கொஞ்சம் நீர் விட்டேன்.
பழக்கம்.