சப்பாத்துச் சோதனை

வாசலில் குந்தியிருந்து
செருப்பின் அடியைப் பிரசால் தேய்க்கிறேன்.
உள்ளிருந்து கொன்சி சிரிக்கிறாள்:
"இது ஒட்டுசுட்டான். இங்க ஆர் வந்து பாக்கப்போகினம்?"

கை கேட்பதில்லை.
ஐந்து மாதம், கரை இறங்கும் ஒவ்வொரு முறையும்
இளஞ்சிவப்பு மருந்துத் தண்ணீரில் காலை விட்டு,
பொக்கற்றுகளை நாக்குப்போல் வெளியே இழுத்துக் காட்டி,
கோட்டின் ஒட்டுப்பட்டியில் வக்யூம் குழாய் ஊர ஊர
நின்ற பழக்கம்.
அந்தக் கரைக்கு ஒரு விதைகூடப் போகக்கூடாது.
போனால் முளைக்குமாம். அந்தக் குளிரிலும்.

முதல் சோதனையிலேயே என் சொக்ஸில்
ஒரு நாயுருவி.
இங்கிரிட் அதை இடுக்கியால் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.
எங்கே ஏறியது என்றாள்.
வன்னி என்றேன்.
எழுத்துக்கூட்டச் சொன்னாள்,
ஓர் எழுத்துக் குறைத்து எழுதினாள்,
கடித உறையில் போட்டு
திகதி, பாகை, கலை எல்லாம் குறித்து மூடினாள்.
விசா இல்லாமல் அவ்வளவு தூரம் போன
எங்கள் வளவுக்காரர்
அது ஒன்றுதான்.

என் கட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே.
தலையணைக்கு அந்தப் பக்கம் இரும்பு,
இரும்புக்கு அந்தப் பக்கம் ஐஸ்.
அடிப்பிடித்த பானையை இரவெல்லாம்
யாரோ கரண்டியால் சுரண்டுகிற சத்தம்.
மேலே தொண்ணூற்றாறு பயணிகள்.
அலை பெருத்த இரண்டு நாளும்
கைபிடிக் கம்பியெங்கும் வாந்திப் பைகளைச் செருகிவைப்பேன்.
அலை அடங்கியதும்
பன்னிரண்டு அறைகளிலும் துவாயை மடித்துப்
பென்குயின் செய்து கட்டிலில் இருத்துவேன்.
உண்மையான பென்குயின் நாறும்.
படங்களில் அது வராது.
கருவாடு காயும் முல்லைத்தீவுக் கரை
அதற்குப் பக்கத்தில் அத்தர்.

பெரிய கமராக்காரர் ஒருவர் கேட்டார்,
உன் நாட்டில் ஐஸ் உண்டா?
உண்டு, மீன்பெட்டிக்குள், என்றேன்.
பத்து டொலர் தந்தார்.

நாலாம் இறக்கத்தில் ஆள் பற்றாக்குறை.
வழிகாட்டி மத்தேயோ
ஒரு கட்டுச் சிவப்புத் தடிகளை என் தோளில் ஏற்றினான்.
அவன் முன்னே.
நீளக் கம்பியை வெள்ளைக்குள் இறக்குவான்,
நிற்பான், கேட்பான்,
ஓர் அடி வைப்பான்.
கீழே வெடிப்பு இருக்கலாம், மூடிக் கிடக்கலாம்.
எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
அம்பகாமத்தில் மூன்று வருடம்
முழங்காலில் நின்று இதைத்தான் செய்தேன்,
கொன்சி அடுத்த பாத்தியில், பேச்சில்லாமல்.

அங்கே சிவப்புத் தடி என்றால் நில்.
இங்கே சிவப்புத் தடி என்றால் வா.

நட்டு முடிந்ததும்
அந்த வழியால் நடந்துகாட்டு என்றான் மத்தேயோ.
வலது கால் வரவில்லை.
குளிரா?
ஓம், குளிர்.
மஞ்சள் கோட்டுப் பெண்கள் இருவர்
எங்களைத் தாண்டி
தடிக்குத் தடி தொட்டுக்கொண்டு
சிரித்தபடி போனார்கள்.

கொன்சி இன்னும் அந்த வேலையை விடவில்லை.
விடிய நாலரைக்கு வான் வரும்.
இரண்டு மணிக்குத் திரும்பி,
முகக்கவசம் அழுத்திய கோடு நெற்றியில் இருக்க,
என் செருப்புக்குப் பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றுவாள்.
இன்றைக்கு ஆறு சதுர மீற்றர்.
இரண்டு ஆணி, ஒரு மீன்பேணி மூடி.

பிரசை வைத்துவிட்டு
அவள் காலை மடியில் எடுத்து
சொக்ஸில் நாயுருவி பிடுங்குகிறேன்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள்,
சம்பளத்தை இல்லை,
ஐப்பசியில் நான் திரும்பிப் போவதையும் இல்லை:
"அங்க சண்டையே நடக்கேல்லையா?"
இல்லை.
"ஒருக்காலும்?"
நான் நிண்ட இடத்தில மண்ணே இல்லையடி.
கொஞ்சநேரம் யோசித்தாள்.
"அப்ப ஏன் தடி நட்டனீங்கள்?"

உள்ளங்கையில் பதினேழு விதை.
முற்றத்துக்கு எறிந்தேன்.