வெள்ளையடிப்புக்குப் பிறகு

ராத்திரி இரண்டே முக்கால்.
ஆரப்பாளையம் பார்சல் ஆபீசில்
தேனி வண்டி வருமுன் கிடைத்த இடைவெளியில்
தூக்கக் கலக்கத்தோடு ‘சரி’யை அமுக்கிவிட்டேன்.
வட்டம் சுற்றியது.
அப்டேட் முடிந்து கண் திறந்த கேம் பெட்டிக்கு
என்னைத் தெரியவில்லை.

மதுரை மே மாதத்துக்கென்று கூட்டிவைத்த விசிறி
ஏதோ குளிர்நாட்டுக் கணக்குக்குத் திரும்பியிருந்தது.
எண்பதில் நிற்கச் சொன்ன சார்ஜ்
நூறுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
தமிழெல்லாம் கட்டம் கட்டமாய்,
கடையடைப்பு அன்றைக்கு ஷட்டர் போட்ட தெரு.
துளசிராமுக்கு வலது கட்டைவிரல் பாதிதான்.
மீதியைச் சாயப்பட்டறை ரோலர் வாங்கிக்கொண்டது.
அவன் குதிப்பதற்காக
தையல் மிஷின் மிதி ஒன்றை ஒயரில் கோத்து,
லினக்ஸ்தானே, திறந்து நோண்டலாமே என்று
மூன்று ஞாயிறு உட்கார்ந்து பழக்கியிருந்தேன்.
அதுவும் போச்சு.

உள்ளே அறை இரண்டு என்பது அப்புறம்தான் புரிந்தது.
ஒன்றில் நாம் குடியிருக்கும்போதே
மற்றதைப் புதுசாக்கி
விடிந்ததும் நம்மை அங்கே எழுப்பும்.
ஆணி அடித்த சுவர் பழைய அறையோடு சரி.
‘ஹோம்’ என்கிற பரண் மட்டும் இரண்டுக்கும் பொது,
அதில் எவனும் கைவைப்பதில்லை.

மாரீஸ்வரியிடம் புலம்பினேன்.
எல்லீஸ் நகரில் எங்களுடையது வாடகை வீடு.
ஹவுஸ் ஓனர் வெள்ளையடிக்க வந்தால்
முதலில் ஆணிகளைத்தான் பிடுங்குவார்.
அவள் பேசாமல் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள்.
ஆணிகள். மடித்த கரண்ட் பில்.
பின்பக்கம் அவள் கையெழுத்து:
கடிகாரம், கிழக்குச் சுவர், நிலைக்கு மேல் நாலு விரல்.
கொடிக்கயிறு, ஜன்னலிலிருந்து ஒரு சாண்.
காலண்டர், பழைய ஓட்டையே போதும், தடவிப் பார்.
“செவுரு அவருது. டப்பா நம்மளது.”

பரணில் ஒரு சீட்டு எழுதிவைத்தேன்.
பெட்டி எழும்போதெல்லாம் தானே படித்து,
பூட்டைத் திறந்து
இல்லாததை மட்டும் அடித்து
மறுபடி பூட்டுகிற சீட்டு.
முதல் தடவை ஒரு புள்ளி விட்டுப்போய்
அரை நாள் கறுப்புத் திரை.
துளசியிடம் சொல்லவில்லை.

நேற்று அடுத்த அப்டேட்.
வில்லாபுரத்தில் அவன் வீட்டில்
வேண்டுமென்றே அமுக்கினோம்.
கரண்ட் போய்விடக் கூடாதே என்று
அவன் ட்யூப்லைட்டையே பார்த்திருந்தான்.
முதலில் கட்டங்கள்தான் வந்தன.
ஒரு டீ ஆறுகிற நேரம்.
பிறகு ‘தொடர்க’ என்று தமிழ்.
விசிறி இரைந்தது.
துளசி மிதித்தான்.
ஒன்றும் நடக்கவில்லை.
இன்னொரு தடவை மிதித்தான்.
என் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

“ஒயரே சொருகலண்ணே.”

சொருகினேன்.
பள்ளத்தைத் தாண்டிவிட்டான்.