பூட்டு

வஞ்சிரத்துக்குத் தனிப் படம் கிடையாது.
சிரிக்கும் மூஞ்சிகள் தாண்டி, காய்கறி தாண்டித்
தேடிவிட்டேன்:
நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று,
முள் சிலிர்த்த பேத்தை ஒன்று.
"பேத்தையவா விக்கிறோம்?" என்றாள் பிலோமினாக்கா,
செதில் ஒட்டிய கட்டைவிரலால் திரையைத் தள்ளி.

சரி,
நீலம் என்றால் வஞ்சிரம்,
மஞ்சள் சங்கரா,
அஞ்சாறு சேர்ந்து வந்தால் நெத்திலி.
பெரம்பூர்க்காரர்கள் ஒரே வாரத்தில் படித்துவிட்டார்கள்.

சித்திரையில் தடைக்காலம்.
காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக் கிடக்க
தினமும் வரும்
ஒரு நீலமும் கேள்விக்குறியும்.
அக்கா பூட்டு அனுப்புவாள்.

ஆனியில், ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே
விடிகாலை மூன்று மணிக்கு
திறந்த பூட்டை அவளே கண்டுபிடித்து
எல்லாருக்கும் போட்டுவிட்டிருந்தாள்.
பக்கத்தில் ஒரு சாவி வேறு.

சாவி எதுக்குக்கா?

"இருக்கட்டும்டா. அழகா கீது."