ஒன்றரை விரல் சும்மா

மூன்று ஏத்தன் வாழை சாய்ந்து கிடக்கிறது.
மூன்றும் தார் போட்டவை. மூன்றும் உலகம்மாளுடையவை.
வண்டி என்னுடையது.
களக்காட்டில் பேச்சு வளர
வேறொன்றும் வேண்டியதில்லை.

நேற்று பொழுதடைய, கடைசிச் சாலில்
ரெண்டு பிரேக்கையும் சேர்த்துத்தான் மிதித்தேன்.
நின்றிருக்க வேண்டும்.
நிற்கப்போவது போலக் குனிந்து
வலப்பக்கம் மூக்கைத் திருப்பி, வரப்பேறி,
தெரிந்த வீட்டுக்குள் போகிற மாதிரி
போய்விட்டது சவம்.

விடியும் முன்னே அதன் அடியில் கிடக்கிறேன்.
முதலில் கிளட்ச்;
பிரேக்கைத் தொட இன்னும் மனம் வரவில்லை.
பெடலைக் கையால் அழுத்தினால்
தொட்ட உடனே கனக்கிறது.
அப்படி இருக்கக் கூடாது.
ஒன்றரை விரற்கடை
ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இறங்க வேண்டும்.
அந்தச் சும்மா இல்லாவிட்டால்
காலை எடுத்த பிறகும் பிளேட் பாதி பிடித்து, பாதி வழுக்கி
உள்ளேயே கருகும்.
வெளியே வாடை மட்டும் வரும்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனரில் லாக் நட்டைத் தளர்த்தி
ராடை நாலு திருகு. போதாது. இன்னும் அரை.
நட்டை இறுக்கும்போது ராடும் கூடவே சுற்றப் பார்க்கும்,
இன்னொரு ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
என் இன்னொரு ஸ்பேனர்
போன கொடைக்கு முந்தி சுடலைக்கண்ணு வாங்கிப் போனது.
கட்டிங் பிளேயரால் சமாளித்தேன்.

பின் சக்கரம் ரெண்டையும் ஜாக்கியில் தூக்கி
பனங்கட்டை முட்டுக் கொடுத்துச் சுற்றிப் பார்த்தேன்.
வலது உரசி நின்றது.
இடது, கொடை ராட்டினம் போல
சுற்றிக்கொண்டே இருந்தது.

ரெண்டு லைனிங்கும் ஒரே நாள் மாட்டியவை.
கோபம் வந்தது, கம்பெனிக்காரன் மேல்,
ஏர்வாடி மெக்கானிக் மேல்.
பிறகு யார் மேலும் வரவில்லை.

சால் முனைக்கு வந்தால்
திரும்புகிற பக்கத்துப் பிரேக்கை மட்டும் மிதித்துத்தான்
வண்டியைத் திருப்புவது.
ரெண்டு வருசமாய் நான் இடதுபக்கமே திரும்பியிருக்கிறேன்.
வலதுபக்கம் திரும்பினால்
உலகம்மாளின் தொழுவும் அவள் முகமும் எதிரே வரும்.
ஒரு மடைத் தண்ணீருக்கு அவள் சொன்ன சொல்லைவிட
நான் சொன்ன சொல் கொஞ்சம் கூடுதல்.
பார்க்க வேண்டாம், பார்க்க வேண்டாம் என்று
இடதைத் தேய்த்துத் தேய்த்து
நேரே அவள் வாழையில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

இதை அவளிடம் சொல்வதாக இல்லை.

அவளே வந்தாள், முழங்கை வரை சாணியோடு.
"தாருக்கு நானூறு. மூணுக்கு ஆயிரத்து இருநூறு."
"காய் முத்தலையே."
"நீ முத்த விட்டியாட்டி?"

"பணம் பொறவு. மேல ஏறி அந்தப் பெடலை மிதி."
"எதுக்கு?"
"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஏறினாள்.
மிதி. விடு. ஒரு திருகு.
மிதி. விடு. சக்கரம் இன்னும் ஓடுகிறது, ஒரு திருகு.
ஒன்பது தடவை.
ரெண்டு வருசத்தில் நாங்கள் பேசியது
இவ்வளவுதான்.

வாய்க்கால் கரையில் ஓட்டிப்போய்
சட்டென்று மிதித்தேன்.
இறங்கிப் பார்த்தால் செம்மண்ணில் ரெண்டு டயர்த் தடம்,
வலது ஒரு சாண் நீளம்.
அவள்தான் குனிந்து அளந்தாள்.
மறுபடி அரைத் திருகு, மறுபடி ஓட்டம்.
இந்த முறை நாலு விரல்.
"போதும்ட்டி," என்றாள்.
போதாது. ஆனால் வெயில் ஏறிவிட்டது,
அவள் மாடு கத்துகிறது.

முனையில் திரும்பும்போது
வலது பெடலில் மட்டும் காலை வைத்தேன்.
பழகாத கால், இறுக்கமாய் இருந்தது.
தொழுவு வந்தது. சாய்ந்த வாழை வந்தது.
"ஆயிரத்து நூறு," என்றேன்.
"ஆயிரத்து இருநூறு," என்றாள்
மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து.