இருநூறு ஆம்பியர்

மரப்பெட்டிக்குள் யாரோ
விரல் சொடுக்கியதுபோல் ஒன்று,
அவ்வளவுதான் கேட்டது என்றாள் கனெங்.
அப்புறம் அப்பாவின் மூக்குக்குழாயில் காற்று நின்றுவிட்டதாம்.

புக்குருவுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன்.
ஹர்மட்டான் புழுதி. என் விளக்கு
ஒரு முழத்துக்கு மேல் எதையும் காட்டவில்லை.
நெப்பாவின் மின்சாரம் போய் ஒன்பது நாள்.
திட்டுவதைக்கூட விட்டிருந்தது தெரு.

சிலிண்டரில் நாற்பது நிமிடம் இருந்தது.
மூடியைக் கழற்றினேன்.
நான்கு பேட்டரியும் நலம். இன்வெர்ட்டர் நலம்.
நடுவில் நின்றது செத்திருந்தது.

சிவப்புக் கேபிளும் கருப்புக் கேபிளும்
இரும்புச் சட்டத்தின் ஒரே விளிம்பில்
பத்து மாதம் உரசியிருக்கின்றன.
தோல் கிழிந்து, இரண்டும் ஒரு கணம் இரும்பைத் தொட்டு,
அந்தக் கணத்தை உருகி வாங்கிக்கொண்டிருக்கிறது.

உருகி:
பெயரும் அதுதான், முடியாத வினையும் அதுதான்.
உருகி, அப்புறம்?
அப்புறம் வீடு இருந்தது. சுவரில் ஒரு கரிகூட இல்லை.

மாற்று உருகி என்னிடம் இல்லை.
கேபிளை விலக்கி, சுற்றிக் கட்டி, மறுபடி சுற்றினேன்.
பெட்டியின் அடியில் ஒரு செம்புத் துண்டு கிடந்தது.
"எதையாவது போடு டாவூ" என்றாள்.
இந்தத் தொழிலில் முதல் வாரமே
எதைச் செய்யாதே என்று அடித்துச் சொல்வார்களோ
அதைச் செய்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் உறுமியது.
கிழவர் இருமினார். நல்ல இருமல்.

அன்றிரவு அந்த வீட்டுக்கு உருகி நான்.
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
துண்டிப்புச் சுவிட்சில் கை வைத்திருந்தேன்.
பெருமைக்குச் சொல்லவில்லை, அது வெறும் வேஷம்.
ஓடுகிற சுமையைத்தான் அந்தச் சுவிட்ச் வெட்டும்.
செம்பைச் செம்பு தொட்டால் ஆயிரக்கணக்கில் பாயும்,
சுவிட்ச் எது, என் விரல் எது என்று
பிறகு பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.
நெப்பாவின் மின்சாரமாவது
நொடிக்கு நூறு முறை செத்துப் பிழைக்கிறது.
பேட்டரியின் பொறிக்குச் சாகத் தெரியாது.

மூன்று மணிக்குக் குனு கொண்டுவந்தாள்.
"போய்த் தூங்கேன், ஓடுகிறதே."
ஓடுகிறதுதான். அதுதான் பயம்.
இடது கையால் குடித்தேன்.

விடிந்ததும் அவள் தம்பியை வாளியில் உட்காரவைத்துவிட்டு
டெர்மினஸ் கடைத்தெருவுக்கு ஓடினேன்.
முதல் கடையில் வாங்கிக் காதருகே ஆட்டினேன்.
உள்ளே ஏதோ உருண்டது.
இரண்டாவது கடையில் எடுத்தது தக்கையாய் இருந்தது.
காசு கொடுத்துவிட்டு அங்கேயே குறட்டால் உடைத்தேன்.
ஒரு மெல்லிய கம்பி, சுற்றிலும் வெறும் காற்று.
நல்ல உருகிக்குள் மணல் இறுகியிருக்கும்.
பொறி பிறந்த இடத்திலேயே
மணல் கண்ணாடியாகி அதைக் கவ்விவிடும்.
மூன்றாவது கடைக்காரி நாந்திர்
அலமாரியில் இல்லாததைக் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்தாள்.
கனத்தது. ஆட்டினேன், ஊமை.
பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

பொருத்தி முடிக்கப் பதினோரு நிமிடம்.
விளிம்புக்கு ரப்பர் வளையம் போட்டேன்,
போன பிப்ரவரியில் போட்டிருக்க வேண்டியது.
ஆம், அந்த வளைவை வளைத்த கை இதுதான்.

கனெங் பர்ஸைத் திறந்தாள். வேண்டாம் என்றேன்.
அதைக் கருணை என்று எடுத்துக்கொண்டாள்.
திருத்த வாய் திறந்தேன்.
அதற்குள், செத்த உருகியை எங்கிருந்தோ எடுத்து
கிழவர் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்,
மூக்கில் குழாயோடு, குழந்தைபோல.

"ஒன்றும் கேட்கவில்லையே" என்றார்.

செம்புத் துண்டு என் பையில் கனத்தது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.